உபயமாகக் கொடுத்த லைன்

சனிக்கிழமை, மத்தியானம்

அன்பு மகள் புவனேஸுக்கும் மருமகன் தர்மாவுக்கும் அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகம், மழையும் பனியும் எங்களைவிடச் சுகம். நீங்கள் இரண்டு பேரும் அந்த அயர்லாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நோய்நொடி இல்லாமல் இருக்க நம் அம்மன் கூடவே இருப்பாள். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது இல்லை, ஆனால் தைலம் தேய்ப்பதை மட்டும் விடவில்லை, வீடு முழுக்க அதே வாசம், நான் வைக்கிற சாம்பாரில்கூட அதுதான் அடிக்கிறது. தோட்டத்தில் இந்த மாதம் தேயிலைக் கொழுந்து ஏராளம், அப்பாவின் லோரி காலையிலிருந்து பேக்டரிக்கும் மலைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு வேலாயி பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை அவர் தன் வாசலில் இருந்தபடியே சொல்லிவிடுகிறார். கியா பார்ம் பக்கம் வழக்கம்போல லீவு நாளென்றால் கார் நகர வழியில்லை, ஸ்ட்ராபெரி வாங்க வருகிறவர்கள் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிறார்கள், உன் அப்பா அவர்களைத் திட்டுகிற திட்டைக் காகிதத்தில் எழுத முடியாது.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் உன் அப்பா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்துச் சுவர் எந்த இரகசியத்தைத் தாங்கியிருக்கிறது, நான் இங்கே தும்மினால் கடைசி வீட்டில் இருந்து நூறாயுசு என்று குரல் வருகிறது. எழுதப் போவது அப்பாவைப் பற்றி, ஆகையால் பேனாவை எடுத்தேன். திங்கட்கிழமை தானா ராத்தாவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது போஸ்டாபீஸில் போட்டுவிடுவேன், அதுவரை நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணினால் அடுப்பைப் பார்க்க எழுந்தேன் என்று வைத்துக்கொள்.

நீங்கள் அங்கேயே ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணத்தை முடித்துவிட்டு மறுநாள் போன் செய்து சொன்னீர்களே, அன்றிலிருந்து உன் அப்பா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று யாரிடமும் சொல்லமாட்டார், என்னிடமும் சொல்லமாட்டார். வீசா அவசரம், தேதி கிடைத்தது, முடித்துவிட்டோம் என்று நீ சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் கிடையாது, கிள்ளான் பையன், தங்கமான குடும்பம், அதுவும் அவருக்குத் தெரியும். முடிஞ்ச பிறகு தகவல் சொல்ற ஆளா நானு என்று ஒரே ஒரு தடவை கேட்டார், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் நீ வீடியோவில் கூப்பிடும்போது போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன், அவரும் வாங்கத்தான் செய்வார். அந்த நேரம் பார்த்து உன் முகம் கட்டம் கட்டமாக உடையும், நடுவில் வட்டம் சுற்றும், பாதி வார்த்தை வரும் பாதி வராது. உடனே, லைன் சரியில்ல, நீயே பேசு என்று போனை என் கையில் திணித்துவிட்டு லோரிக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிற்கிற லோரிக்கு என்ன தண்ணீர் வேண்டிக் கிடக்கிறது? அப்பா பிஸியா என்று நீ அங்கே கேட்பதும், ஆமாம் என்று நான் இங்கே பொய் சொல்வதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நீ ஒருத்திதான் எங்களுக்கு, எனக்கு வயிறு எரியாதா சொல்லு. இந்த மனிதரைத் திருத்த என்னால் ஆகாது, லைனையாவது திருத்துவோம், அதற்கப்புறம் என்ன சாக்குச் சொல்கிறார் பார்க்கலாம் என்று இந்த வாரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

நீ சொல்லிக் கொடுத்த வைத்தியம் ஒன்று உண்டே, இன்டர்நெட் பெட்டியை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடு என்று. அதை நான் ஒரு நாளும் தவறவில்லை, காலையில் விளக்கேற்றுவது மாதிரி அதையும் ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருந்தேன். போட்டதும் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய குருடிதான். கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பாட்டுப் போடுகிறார்கள், அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். கடைசியில் தானா ராத்தாவில் போன் கடை வைத்திருக்கிறாளே ஷரீஃபா, உன் முதல் போனைக்கூட அவளிடம்தான் வாங்கினோம், அவளைப் பிடித்தேன். நல்ல மனுஷி, கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு புதன்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்ததும் பெட்டி எங்கே என்று கேட்டாள். நான் சாமி அலமாரியைத் திறந்து காட்டினேன்.

நீ சிரிக்காதே. ஆயுத பூசை அன்றைக்கு லோரிச் சாவி, என் தையல் மெஷின், அப்பாவின் ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன், இந்தப் பெட்டிக்கும் வைத்தேன். நம் வீட்டில் இரவு பகல் பாராமல் உழைக்கிறது அது ஒன்றுதானே. பூசை முடிந்து லோரிச் சாவி வெளியே வந்துவிட்டது, இது மட்டும் முருகன் படத்துக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவில் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பனிக்கு நனையக்கூடாதே என்று ஒரு கம்பளித் தொப்பியும் போட்டுவைத்திருந்தேன், நீ சின்ன வயதில் போட்ட சிவப்புத் தொப்பிதான். ஷரீஃபா தலையில் கை வைத்துக்கொண்டு, யா அல்லா, சுபத்ரா, இது மூச்சு விட வேணாமா, சுத்தியும் இரும்பு, முன்னாடி பித்தளை, மேல கம்பளி, அந்த அலை எந்தப் பக்கம்தான் வெளிய வரும் என்றாள். பெட்டியின் சின்னச் சின்ன ஓட்டைகளில் எல்லாம் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது, தொட்டால் சுட்டது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வோர் ஓட்டையாகச் சுரண்டி எடுத்தாள். கடையில் இருந்து கொண்டுவந்த நீள வயரைப் போட்டு, பெட்டியை ஹாலில் நடுச்சுவரில் உயரமாக, இரும்பு அலமாரிக்கும் மைக்ரோவேவுக்கும் தள்ளி மாட்டினாள். இரண்டு விதமான அலை இருக்கிறதாம், ஒன்று தூரம் போகும் ஆனால் மெதுவாகத்தான் வரும், இன்னொன்று பக்கத்திலேயே நின்றுவிடும் ஆனால் பறக்கும், மகளோடு பேசும்போது பறக்கிறதைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்காரு என்று என் போனில் அதையும் மாற்றிக் கொடுத்தாள். குங்குமத்தை மட்டும் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவளும் அது இருக்கட்டும்லா என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் லயத்தில் எல்லாரும் வேலைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போன பிறகு ஒரு சமையல் வீடியோவைப் போட்டேன், அடேயப்பா, தொட்டால் ஓடுகிறது. சமையல்காரியின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணலாம் போல இருந்தது. மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கூடையை எடுக்க அப்பா லோரியில் வந்தார், பாருங்க எப்படி ஓடுது என்று அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது, நீ அவரைப் பார்த்திருக்க வேண்டும். இது காலையில, சாயங்காலம் பாரு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே சாயங்காலம் ஆனதும் படுத்துவிட்டது, அதே வட்டம், அதே சுற்று. ஷரீஃபாவுக்குப் போன் போட்டேன். காலையில ஓடுது சாயங்காலம் படுக்குதுன்னா பெட்டி நல்லாத்தான்லா இருக்கு, உன் லைன்ல யார் யாரெல்லாம் தொங்குறாங்க, அத முதல்ல சொல்லு என்று கேட்டாள்.

இப்போது உனக்கு நான் இதுவரை சொல்லாத விஷயம் ஒன்று சொல்கிறேன், திட்டாதே, திட்டினாலும் நான் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு வழக்கம்போல ஒவ்வொரு வீட்டிலும் உபயம் எழுதினார்கள், ஒருத்தர் பூ, ஒருத்தர் அன்னதானத்துக்கு அரிசி, ஒருத்தர் மேளம் என்று. உன் கல்யாணச் செய்தி வந்த புதுசு அது. அப்பா உபயமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் வீடு மட்டும் அம்மனுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதா? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் பார்க்கட்டும் என்று திருவிழாவை நேரடியாக போனில் காட்ட வேண்டும் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள், கோயில் நம் வீட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது, லைன் எங்க உபயம் என்று நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கோயில் தலைவர் நல்லுசாமி மாமா மைக்கைப் பிடித்து, இந்த வருஷம் இன்டர்நெட் உபயம் தங்கராஜு சுபத்ரா குடும்பத்தார் என்று சொன்னாரே, எனக்குப் புல்லரித்துப் போனது. அதோடு நிறுத்தாமல் பாஸ்வர்டையும் மைக்கிலேயே சொல்லிவிட்டார், உன் பெயரும் நீ பிறந்த வருஷமும், ஒருத்தரும் மறக்கவில்லை. திருவிழா முடிந்தது, அம்மனை இறக்கினார்கள், பந்தலைப் பிரித்தார்கள், லைனை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கு லயம் முழுக்க நம் லைன்தான். பிள்ளைகள் அதற்கு உன் பெயரையே வைத்துவிட்டார்கள், புவனேஸ் வருதா, புவனேஸ் போச்சு என்று சாயங்காலமானால் ஒரே கூச்சல். வேலாயி பெரியம்மா சீரியல் நடுவில் நின்றுபோனால் என் வாசலுக்கு வந்து, உங்க லைன் சரியே இல்ல சுபத்ரா, கம்பெனிக்காரன நல்லாக் கேளு என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்.

ஷரீஃபாவிடம் இதைச் சொன்னேன், அவள் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பாஸ்வர்ட மாத்து, ரெண்டு நிமிஷ வேலை என்றாள். அது எப்படி முடியும் நீயே சொல்லு, அம்மன் பேரில் கொடுத்த உபயத்தைப் பாதியில் பிடுங்கினால் லயத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன், லயத்தை விடு, அம்மன் என்னை என்ன நினைப்பாள். சில பெட்டிகளில் விருந்தாளிகளுக்கு என்று தனியாகக் கொஞ்சம் பிரித்து விடலாமாம், நம்முடையது பழசு, அதில் அந்த வசதி இல்லை. அப்போ நீயே உன் சாமிகிட்ட கேட்டுக்க என்று ஷரீஃபா கையை விரித்துவிட்டாள். சாமியிடம் கேட்பதென்றால் முதலில் நல்லுசாமி மாமாவிடம்தானே கேட்க வேண்டும். வியாழன் சாயங்காலமே போனேன். அண்ணே, இப்படி ஒரு சிக்கல், என் வீட்டுக்காரர் மகளோட பேசணும், ஞாயிறு ஒரு மணி நேரம் லைன் எனக்கே வேணும், உபயத்தத் திரும்பக் கேக்குறதா நினைக்காதீங்க என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். பிறகு, உபயம் குடுத்தது குடுத்ததுதான்மா, அத மாத்த முடியாது, ஆனா அலங்காரம் பண்றப்போ அம்மனுக்கே திரை போடுறோம்ல, சனம் பேசாம வெளிய நிக்குதுல்ல, அந்த மாதிரி உன் லைனுக்கும் ஒரு திரை போட்டுடுவோம் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

நேற்று வெள்ளிப் பூசை. அப்பா வருவார், கடைசியில் நிற்பார், விபூதி வாங்கியதும் யாரும் உன்னைப் பற்றிக் கேட்பதற்குள் கிளம்பிவிடுவார், ஒரு வருஷமாக அதுதான் நடக்கிறது. நேற்று தட்டு அவர் பக்கம் வருவதற்குள் நல்லுசாமி மாமா தொண்டையைக் கனைத்தார். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து லைனுக்குத் திரை, தங்கராஜு தம்பி மகளோட பேசப் போறாரு, பேசி முடிச்சேன்னு அவரு வாயால சொல்ற வரைக்கும் யாரும் போனத் தொடக்கூடாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சத்தியமாக நான் அப்பா பெயரைச் சொல்லச் சொல்லவில்லை, அந்த மனுஷராகவே சேர்த்துக்கொண்டார். அத்தனை பேரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அவர் விபூதிகூட வாங்காமல் நடந்துவிட்டார். ராத்திரி சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்தார். இன்று காலையில் நான் எழுவதற்குள் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு லைன் கண்ணாடி மாதிரி இருக்கும் புவனேஸ், அது எனக்கு நிச்சயம். அவர் வந்து உட்காருவாரா என்பதுதான் தெரியவில்லை. உட்காராமல் போனால் இனி அவருக்குச் சொல்லச் சாக்கும் இருக்காது, உனக்குச் சொல்ல எனக்குப் பொய்யும் இருக்காது, அதை நினைத்தால் நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. சோறு பொங்குகிறது, எழுந்து போகிறேன்.

திங்கட்கிழமை, காலை

நேற்று நடந்ததில் பாதி நீ பார்த்தாய், நீ பார்க்காத பாதியை எழுதுகிறேன். நாலு மணிக்கு அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். எங்க போறீங்க என்று கேட்பதற்குள் ஸ்டார்ட் செய்துவிட்டார். பிரிஞ்சாங் டவுன் பக்கம் திரும்பியது மட்டும் தெரிந்தது. ஓடிவிட்டார் என்றே நினைத்தேன், லயம் முழுக்கத் தெரியும்படி செய்து மனிதரை விரட்டிவிட்டேனே என்று சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அஞ்சரைக்கே பிள்ளைகளை எல்லாம் வீட்டை விட்டு வெளியே விரட்டி விளையாடச் சொல்லிவிட்டார்கள், எத்தனை நாளைக்குப் பிறகு அந்தக் கூச்சலைக் கேட்டேன். ஒரு வீட்டிலும் சீரியல் சத்தம் இல்லை. வேலாயி பெரியம்மா சீரியலில் யாரோ ஜெயிலிலிருந்து வருகிற நாளாம், அதையும் விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்று, தங்கராஜு வந்துட்டானா என்று கேட்டுக் கேட்டுப் போனார். பனி வேறு இறங்கிவிட்டது, ரோடு தெரியவில்லை.

ஆறு மணிக்கு நீ கூப்பிட்டாய். உன் முகம் அப்படியே எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வந்தது, ஒரு கட்டம் உடையவில்லை. என்னம்மா லைன் இவ்வளவு தெளிவா இருக்கு என்று கேட்டாய், நான் பெட்டியை இடம் மாற்றினேன் என்றேன். அப்பா எங்கே என்று கேட்டாய், குளிக்கிறார் என்றேன். அது பொய். அவர் அப்போது வீட்டிலேயே இல்லை. உன்னிடம் பேசிக்கொண்டே என் கண் வாசலில்தான் இருந்தது, நீ என்னென்ன சொன்னாய் என்று இப்போது கேட்டால் ஒன்றும் நினைவில்லை, மன்னித்துக்கொள். அப்புறம்தான் மோட்டார் சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்தார், தலையெல்லாம் பனித்தண்ணீர், ஆனால் முடி புதுசாக வெட்டியிருந்தது, மீசைக்கு மை அடித்திருந்தது, காதோரம் கொஞ்சம் மை வழிந்தும் இருந்தது. மகளுக்கு முகம் காட்ட பிரிஞ்சாங்கில் முடிவெட்டப் போயிருக்கிறார் மனிதர். கியா பார்ம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, கார்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தாராம். அதை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் என் உயிர் பாதி போயிருக்காது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். போனை அவர் கையில் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, லைன்தான் நின்றுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை, உன் கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது இங்கே தெளிவாகத் தெரிந்தது. உன் அப்பாவுக்கும் தெரிந்தது. லைன் சரியில்லை என்று சொல்ல ஒரு வழியும் இல்லை அவருக்கு. அப்போது அவர் கேட்ட முதல் கேள்வி மாப்பிள்ளையிடம், தம்பி, உங்க காடிய கொஞ்சம் காட்டுங்க என்று. மகளை விட்டுவிட்டுக் காரைக் கேட்கிறாரே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாவம் தர்மா, அந்தக் குளிரில் செருப்போடு வெளியே ஓடிப்போய் டயரைக் காட்டினார். டயர்ல பூ தேஞ்சிருக்கு, மழையில வழுக்கும், நாளைக்கே மாத்துங்க, என் மக உக்கார்ற வண்டி என்று உன் அப்பா சொன்னாரே, அதற்கப்புறம் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது, நான் அடுப்படியில் போய் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ ஸாரிப்பா என்றதும், சாப்புட்டு உடம்பப் பாத்துக்கம்மா, அது போதும் என்று அவர் சொன்னதும் மட்டும் காதில் விழுந்தது. அவர் மனசில் இருந்த கல் எப்போது கரைந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வேளை ரொம்ப நாளைக்கு முன்பே கரைந்து, எப்படி வந்து உட்காருவது என்று தெரியாமல்தான் லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தாரோ என்னவோ.

நீ போனை வைத்த பிறகு அவர் துண்டால் கண்ணையும் முகத்தையும் துடைத்தார், மீசை மை துண்டில் ஒட்டிக்கொண்டது. லைன் நல்லா இருக்கு என்றார், அவ்வளவுதான். நான் நல்லுசாமி மாமா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன், நீ இரு என்று தடுத்துவிட்டு அவரே வெளியே போனார். வாசலில் நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்து, என் மக பேசி முடிச்சிட்டா, எல்லாரும் தொறந்துக்கங்க என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அந்தக் குரலை நான் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை புவனேஸ். யாராவது போனைத் தொட்டார்களா என்கிறாய்? எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். வேலாயி பெரியம்மா சீரியலையே மறந்துவிட்டார். புள்ள எப்படி இருக்கா, மாப்பிள்ளை என்ன சொன்னாரு, அங்க குளிரா, எப்போ வருதுங்க என்று ஆளுக்கொரு கேள்வி. உன் அப்பா பனியில் நடுவாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்கிறார், அயர்லாந்து ரோடு எப்படி, அங்கே வண்டி எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள், மாப்பிள்ளை எவ்வளவு மரியாதையான பிள்ளை, சொன்னதும் ஓடிப்போய் டயரைக் காட்டினார், எல்லாம் சொல்கிறார். நான் சோறு போட்டு வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, ஆறிப்போகுது வாங்க என்று கூப்பிட்டேன். வரவில்லை. இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், இரு, என் மகளப் பத்திக் கேக்குறாங்கல்ல என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, நிறுத்துகிறேன். இனி ஞாயிறு ஆறு மணி லைனுக்குத் திரை என்று நல்லுசாமி மாமா நிரந்தரமாக்கிவிட்டார், ஆகவே நேரம் தவறாமல் கூப்பிடு, லயமே காத்திருக்கும். போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடிக்காதே, உன் தலைமுடிதான் பாதித் திரையில் வருகிறது என்று அப்பா குறைப்படுகிறார். டயரை மாற்றியதும் போட்டோ அனுப்புங்கள், காலையில் எழுந்ததிலிருந்து வந்ததா வந்ததா என்று என் போனையே பார்க்கிறார். அவர் அழுததை நான் எழுதினேன் என்று மட்டும் மறந்தும் சொல்லிவிடாதே, பிறகு நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, மனம் நிறைந்து, நீடூழி வாழ வேண்டும். அம்மன் அருள் அந்த ஊர் வரைக்கும் வரும்.

உங்கள் இருவரையும் எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
சுபத்ரா தங்கராஜு